பதிமூன்று அங்குலம்

வலக்கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள் காலை, பெரியம்மா மொட்டைமாடிக்கு ஏறிப்போய் நின்றார். நான்கு வீடு தள்ளி ஒரு மாடிக் கொடியில் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அதன் கரையில் ஓடுவது மாங்காயா மயிலா என்று இருந்த இடத்திலிருந்தே பார்த்துச் சொன்னார்: "மயிலுடா. கண்ணாடி போடாமலே தெரியுது." பள்ளிக்கூட நாளிலிருந்து கண்ணாடி அணிந்தவர் அவர். வெறும் கண்ணால் தூரத்தைப் பார்ப்பது அறுபத்தாறு வயதில் அவருக்குக் கிடைத்த புதுச் சொத்து.

இனிக் கைவேலை செய்யலாம் என்று சில வாரம் கழித்து மருத்துவமனையில் சொன்னதும், தையல் கூடையை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்தார். நாற்பது ஆண்டுகளாகத் தையல்கடைகளுக்கு வீட்டிலிருந்தே ஹெம்மிங் போட்டு, ஹூக் வைத்து, காஜா எடுத்துக் கொடுப்பவர். ஊசியை முகத்தருகே கொண்டுபோனார். காது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தள்ளிப் பிடித்தார். ஊசி சற்றுத் தெளிந்தது, ஆனால் கை நீளம் போதவில்லை. வலக்கண்ணை மூடிக்கொண்டு இடக்கண்ணால் பார்த்தார். புரை மூடிய அந்தக் கண்ணில், பழுப்பு மூட்டத்துக்குள், ஊசிக் காது பழையபடி நின்றது. அப்போது அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது: "அப்ப இந்தக் கண்ணையும் ஆபரேஷன் பண்ணிட்டா, நான் எதை வச்சுக் காஜா எடுப்பேன்?"

ஆபரேஷனுக்கு முன்பு சர்க்கரை இருக்கிறதா, ரத்த அழுத்தம் இருக்கிறதா, மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாதா என்றெல்லாம் கேட்டார்கள். லென்ஸ்களின் விலைப்பட்டியலையும் காட்டினார்கள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் என்ன வேலை செய்கிறார், எவ்வளவு தூரத்தில் வைத்துச் செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பெரியம்மாவுக்கு இருந்தது கிட்டப்பார்வை, மைனஸ் 3. இந்தப் பெயர் பலரைக் குழப்பும். கிட்டத்தில் உள்ளது தெரியும், தூரத்தில் உள்ளது மங்கும் என்பதே இதன் பொருள். அந்த 3 என்பது டயாப்டர் கணக்கு. ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் மீட்டரில் தூரம் கிடைத்துவிடும். மைனஸ் 1 உள்ள கண்ணுக்கு ஒரு மீட்டர்வரை தெளிவு. மைனஸ் 2 என்றால் அரை மீட்டர். மைனஸ் 3 என்றால் 33 சென்டிமீட்டர், தையற்காரர் டேப்பில் 13 அங்குலம். பெரியம்மா கண்ணாடியைக் கழற்றினால் உலகம் அந்த 13 அங்குலத்தோடு முடிந்துவிடும். ஆனால் அந்த 13 அங்குலத்துக்குள் அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. அவர் வயதுப் பெண்களெல்லாம் நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வந்து, ஊசியில் நூல் கோர்க்கப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். இவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுத் தானே கோர்த்துக்கொண்டார். ஊரார் குறை என்று சொன்ன கண்தான் அவருக்குச் சோறு போட்டது.

வெள்ளெழுத்து ஏன் வருகிறது என்று தெரிந்தால், புரை ஆபரேஷன் எதை எடுத்து எதை வைக்கிறது என்பதும் விளங்கும். கண்ணின் ஒளி குவிக்கும் வலு ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கார்னியா என்னும் முன்பக்கத்து வளைவிலிருந்து வருகிறது. மீதி, சுமார் 20 டயாப்டர், உள்ளே இருக்கும் லென்ஸிலிருந்து. கார்னியா வடிவம் மாறாது. லென்ஸ் மாறும். அதைச் சுற்றியுள்ள தசை இறுகும்போது லென்ஸ் உப்பிக் கிட்டத்துக்குக் குவியும். தளரும்போது தட்டையாகித் தூரத்துக்குக் குவியும். பத்து வயதுப் பிள்ளை மூக்கு நுனிக்கு அருகில் எழுத்தை வைத்தாலும் படித்துவிடும். வயது ஏற ஏற லென்ஸ் கெட்டிப்பட்டு, உப்பும் திறனை இழக்கிறது. அறுபதில் அந்தத் திறன் அநேகமாக இல்லை. அதன் பிறகு லென்ஸில் உள்ள புரதங்கள் திரண்டு கலங்கினால் அது புரை. கலங்கிய லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய பைக்குள்ளேயே செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார்கள். சாதாரணச் செயற்கை லென்ஸ் உப்பாது, தட்டையாகாது. அது ஒரே ஒரு தூரத்துக்குத்தான் குவியும். அந்தத் தூரத்தை ஆபரேஷனுக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

"தூரத்துக்கான லென்ஸ், கிட்டத்துக்கான லென்ஸ்" என்று சொல்லும்போது இரண்டும் வெவ்வேறு பொருள் என்ற எண்ணம் வருகிறது. இரண்டும் ஒரே லென்ஸ்தான். ஒரே கம்பெனி, ஒரே பிளாஸ்டிக், ஒரே விலை. பெட்டியின்மேல் அச்சிட்ட எண் மட்டும் வேறு. அந்த எண்ணைக் கண்டுபிடிக்க 1980இல் மூன்று அமெரிக்க மருத்துவர்கள் ஒரு சூத்திரம் தந்தார்கள். அவர்களின் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து எஸ்ஆர்கே என்பார்கள். பள்ளிக் கணக்குப் போல எளிமையானது. லென்ஸுக்கென்று ஒரு மாறிலி, சுமார் 118 சொச்சம். அதிலிருந்து கண்ணின் நீளத்தை மில்லிமீட்டரில் எடுத்து 2.5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பிறகு கார்னியாவின் வலுவை 0.9ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பெரியம்மாவின் இடக்கண் நீளம் 24.5, கார்னியா 44. மாறிலியை 118.4 என்று வைத்தால், 61.25ஐயும் 39.6ஐயும் கழித்தபின் 17.55 மிஞ்சும். ஆக 17.5 எண் லென்ஸை வைத்தால் அந்தக் கண் தூரத்துக்குக் குவியும். லென்ஸில் ஒரு டயாப்டர் கூட்டினால் கண்ணாடிக் கணக்கில் முக்கால் டயாப்டருக்குச் சற்றுக் குறைவாகக் கிட்டே வரும். ஆகவே 20.5 வைத்தால் கண் மைனஸ் 2இல் நிற்கும், அரை மீட்டருக்குக் குவியும். மொட்டைமாடி மயிலுக்கும் மடியிலுள்ள காஜாவுக்கும் நடுவே இருந்தது இந்த 3 எண் வித்தியாசம். இப்போது இதைவிடத் திருத்தமான சூத்திரங்கள் வந்துவிட்டன என்றாலும், கணக்கின் உயிர் இதுதான்.

2.5 என்ற அந்தப் பெருக்கலை ஒரு நிமிடம் கவனிக்க வேண்டும். கண்ணின் நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் இரண்டரை டயாப்டர் தவறிவிடும். பழைய அல்ட்ராசவுண்ட் முறையில் கருவியின் முனை கார்னியாவைத் தொடும். தொட்டு அழுத்தினால் கண் குறுகிய மாதிரிக் காட்டி, கணக்கு பிசகும். 1999இல் வந்த ஒளிக்கற்றைக் கருவி கண்ணைத் தொடாமலே அளக்கிறது. ஆனால் புரை நன்றாக முற்றி வெளுத்துவிட்டால் ஒளி உள்ளே போகாது. "இன்னும் கொஞ்சம் முத்தட்டும்" என்று தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த எண்ணின் அருமை முதல் செயற்கை லென்ஸிலேயே தெரிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் பிளாஸ்டிக் கூண்டு நொறுங்கிச் சில்லுகள் கண்ணில் பாய்ந்த விமானிகளுக்குச் சிகிச்சை செய்தவர் ஹரால்ட் ரிட்லி. அந்தச் சில்லுகள் கண்ணுக்குள் கிடந்தும் கண் அவற்றோடு பகை கொள்ளவில்லை என்பதைக் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்ணின் கண்ணில் பொருத்தினார். வடிவத்தை மனித லென்ஸிலிருந்து அப்படியே எடுத்திருந்தார். பிளாஸ்டிக்கோ மனித லென்ஸைவிட ஒளியை அதிகமாக வளைப்பது. விளைவாக அந்தப் பெண்ணுக்கு மிகக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. கண் லென்ஸை ஏற்றுக்கொண்டது, எண்தான் தவறியது. லென்ஸ் எண்ணைக் கணக்கிடும் முறையை ரஷ்யாவின் கண் மருத்துவர் ஃபியதரவ் முதன்முதலாக வெளியிட 1967 வரை ஆயிற்று.

அந்த எண்ணை ஏன் எப்போதும் தூரத்துக்கே வைக்கிறார்கள்? அதற்குப் பின்னால் ஒரு நியாயமான வரலாறு உண்டு. என் தாத்தா காலத்தில் முகாம்களில் புரையை எடுத்துவிட்டு, உள்ளே எதுவும் வைக்காமல், பிளஸ் 10 எண்ணில் கண்ணாடி கொடுப்பார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி என்பார்கள். எல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிதாகித் தெரியும். படி இருக்கும் இடம் மாறித் தெரியும். கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடு. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது நிலைமை இதுதான். இறக்குமதி லென்ஸ் ஏழைக்கு எட்டாது. 1992இல் அதே மதுரையில் ஆரோலேப் லென்ஸ் செய்யத் தொடங்கி, விலையை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக்கியது. கோடிக்கணக்கானவர்கள் சோடாபுட்டியிலிருந்து விடுபட்டதில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. அன்று அவசரத் தேவை, ஒருவர் துணையில்லாமல் நடமாடுவது. வரப்பில் நடக்க வேண்டும், பஸ் எண் தெரிய வேண்டும், எதிரே வருவது யார் என்று தெரிய வேண்டும். தூரத்துக்கு வைத்துவிட்டால் கிட்டத்துக்குத் தெருவோரத்திலேயே மலிவாக ஒரு படிக்கிற கண்ணாடி வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலோருக்கு இன்றும் இதுவே சரியான முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் வெற்றியை அளக்கும் கோலும் அதனோடு சேர்ந்து தூரத்துக்கே போய்விட்டது. 6/6, 6/12 என்று சீட்டில் எழுதுகிறார்களே, அந்த முதல் 6 என்பது சுவரில் மாட்டிய எழுத்துப் பலகைக்கும் நமக்கும் இடையிலுள்ள 6 மீட்டர். நாடுகளின் கண்புரைச் சிகிச்சையின் தரத்தை மதிப்பிட உலக சுகாதார நிறுவனம் கையாளும் அளவும் 6/12 என்ற தூரப்பார்வைதான். பெரியம்மாவின் சீட்டில் 6/6 என்று எழுதியிருந்தது. ஏட்டில் அது முழு வெற்றி. அவர் வேலை செய்வது 6 மீட்டரில் இல்லை.

கிட்டப் பார்ப்பதைப் படித்தவர்களின் வசதி என்று நினைப்பவர்கள் உண்டு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும், நாற்பது வயது கடந்த தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார்கள், மற்றப் பிரிவினருக்கு உடனே கொடுக்கவில்லை. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்து, பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடியது. எழுத்தே படிக்காத கைகளுக்கும் கிட்டத்தில் தெளிவாகத் தெரிவது கூலிதான்.

ஒவ்வொருவர் வாழ்க்கையும் ஒரு தூரத்தில் நடக்கிறது. லாரி ஓட்டுபவருக்குச் சாலை. அடுப்படியில் நிற்பவருக்குக் கண்ணிலிருந்து வாணலிவரை அரை மீட்டருக்கு மேல். குனிந்து கோலம் போடுபவருக்கும் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுபவருக்கும் அதைவிடச் சற்று அதிகம். அரிசியில் கல் பொறுக்கவும், நகை செய்யவும், நாளெல்லாம் புத்தகம் வாசிக்கவும் 30, 40 சென்டிமீட்டர். ஆயுள் முழுவதும் மைனஸ் 4, 5 என்று கண்ணாடி போட்டு, படிக்கும்போது கழற்றியே பழகியவருக்கு இரண்டு கண்ணையும் மைனஸ் 2.5இல் நிறுத்துவது பல சமயம் நல்ல முடிவு. வெளியே போகக் கண்ணாடி, வீட்டுக்குள் வெறும் கண். அவர் வாழ்ந்த முறை மாறாது. அவருக்குத் தூரத்துக்கு வைத்தால், இதுவரை இல்லாத ஒரு புதுக் குறையை அறுபதுக்குமேல் பழக வேண்டியிருக்கும். கண்ணாடியே போடாமல் தூரம் பார்த்து வளர்ந்து, வெள்ளெழுத்துக்கு மட்டும் கண்ணாடி வைத்திருப்பவருக்கு இது நேர்மாறு.

இடையில் ஒரு சாரார் உண்டு. "எழுபது வயசுல எனக்குக் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க வருது" என்று மகிழ்ந்து சொல்வார்கள். புரை லென்ஸின் நடுவில் கெட்டிப்படும்போது அதன் வலு கூடி, கண் கிட்டப்பார்வைக்கு நகரும். திரும்பி வந்ததாக நினைக்கும் பார்வை புரையின் அறிகுறி. இவர்களுக்கும் தூரத்துக்கு லென்ஸ் வைத்தபின் "ஆபரேஷனுக்கு முன்னாடி படிச்சேனே" என்ற ஏமாற்றம் வரும். முன்பே சொல்லிவைத்தால் வராது.

எல்லாத் தூரமும் தெரிய ஒரே லென்ஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். மல்டிஃபோகல் லென்ஸில் மெல்லிய வளையங்கள் செதுக்கியிருக்கும். அவை உள்ளே வரும் ஒளியைப் பங்கு போடும். கிட்டம், தூரம் என்று இரண்டுக்குச் சமமாகப் பிரிக்கும் வளைய லென்ஸில் ஒவ்வொன்றுக்கும் 41 சதவீதம் போகும், மீதி 18 சதவீதம் எதற்கும் உதவாமல் சிதறும். கண்ணாடியே வேண்டாம் என்று பலர் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, மங்கல் வெளிச்சத்தில் நிற வேறுபாடு குறைகிறது என்பவர்களும் உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்கள், கண் அழுத்த நோய் முற்றியவர்கள் இருக்கிற ஒளியைப் பங்கு போடக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளத் தயங்காத ஒருவர், விலை கூடியது என்பதாலேயே இதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. மல்டிஃபோகலுக்கும் சாதாரணத்துக்கும் இடைப்பட்ட, குவியத்தைச் சற்று நீட்டித் தரும் லென்ஸ்களும் வந்துள்ளன. தூரமும் அடுப்படித் தூரமும் தெரியும், பொடி எழுத்துக்குக் கண்ணாடி வேண்டும்.

எவ்வளவு கவனமாக அளந்தாலும் குறி கொஞ்சம் தப்பலாம். லென்ஸ் பைக்குள் எங்கே போய் அமரும் என்பதைக் கணக்கால் ஓரளவுதான் சொல்ல முடியும். கண் மைனஸ் பக்கம் தப்பினால் ஏதோ ஒரு தூரமாவது தெளிவாக இருக்கும். பிளஸ் பக்கம் தப்பினால் கண்ணாடியில்லாமல் எந்தத் தூரமும் தெளியாது. அதனால்தான் தூரத்துக்கு வைக்கும்போதும் பல மருத்துவர்கள் கால் டயாப்டர் கிட்டப் பக்கம் சாய்த்து வைப்பார்கள்.

பெரியம்மாவின் கேள்வியோடு வேறொரு மருத்துவரிடம் போனோம். பெரியம்மா கூடையையே கொண்டுவந்திருந்தார். "எப்படித் தைப்பீங்கன்னு காட்டுங்கம்மா" என்றார் அந்த மருத்துவர். பெரியம்மா வலக்கண்ணை மூடி, ஜாக்கெட்டை முகத்தருகே தூக்கிப் பிடித்தார். பையிலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்து, கண்ணிலிருந்து ஊசிவரை தானே அளந்து காட்டினார். "பதிமூணு, டாக்டரம்மா."

அப்படியானால் இடக்கண்ணை மைனஸ் 3இலேயே நிறுத்திவிடலாமா என்று நான் கேட்டேன். மருத்துவர் மறுத்தார். ஒரு கண் தூரத்துக்கும் ஒரு கண் கிட்டத்துக்கும் இருந்தால், மூளை அந்தந்த நேரத்துக்குத் தெளிவான படத்தை எடுத்துக்கொண்டு மங்கலானதை ஒதுக்கிவிடும். பலர் சில வாரங்களில் பழகிவிடுவார்கள். ஆனால் இடைவெளி கூடக்கூட இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழம் உணரும் திறன் குறையும். படியிறங்கும்போது தடுமாற்றம் வரலாம். இடைவெளியைக் கண்ணாடியால் சரிசெய்யப் போனால் இரண்டு கண்ணின் படமும் வேறுவேறு அளவில் விழும். மாறுகண் உள்ளவர்களுக்கும், ஒரு கண் ஏற்கெனவே பழுதானவர்களுக்கும் இது வேண்டாம் என்றார். பிறகு பெரியம்மாவின் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களுக்கு நடுவே சிறு துளை விட்டு, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவைத்தார். வலக்கண்ணை மூடியதும் கடிகாரம் துளையிலிருந்து மறைந்தது. தூரத்துக்கு அவர் நம்பும் கண் வலதுதான். நல்லவேளையாக, தூரத்துக்கு வைத்த கண்ணும் அதுவே.

மைனஸ் 2 என்று முடிவாயிற்று. உடனே ஆபரேஷன் செய்யவில்லை. இடக்கண்ணுக்கு மைனஸ் 1, வலக்கண்ணுக்கு வெறும் கண்ணாடி என்று ஒன்று செய்து கொடுத்து, இரண்டு வாரம் அதோடு புழங்கிப் பார்க்கச் சொன்னார். மைனஸ் 3 கண் அந்தக் கண்ணாடிக்குள் மைனஸ் 2 ஆகிவிடும். நாளைக்கு உள்ளே வரப்போகிற லென்ஸை இன்று மூக்கின்மேல் போட்டுப் பார்ப்பது போல. பெரியம்மா அதோடு சந்தைக்குப் போனார், படி ஏறி இறங்கினார், மூட்டத்தோடு மூட்டமாக இரண்டு ஜாக்கெட்டுக்கு ஹூக்கும் வைத்தார். முதல் மூன்று நாள் தலை கனத்தது, பிறகு சரியாகிவிட்டது. வெயில் நன்றாக விழும் திண்ணையில் உட்கார்ந்தால் இன்னும் கிட்டத்தில் தெரிகிறது என்று அவராகவே கண்டுபிடித்தார். வெளிச்சத்தில் கண்ணின் பாவை சுருங்கும். துளை சிறுத்தால் தெளிவாகத் தெரியும் தூரம் முன்னும் பின்னும் நீளும்.

போன தையில் இடக்கண்ணில் 20.5 எண் லென்ஸ் வைத்தார்கள். ஆறு வாரம் கழித்து நான் போனபோது திண்ணையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். துணி முகத்தருகே இல்லை, மடியில் கிடந்தது. கழுத்து முன்புபோல் மடங்கியிருக்கவில்லை. "அந்த டாக்டரம்மா இருபதுன்னாங்க" என்றவர், ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு டேப்பை எடுத்துக் கண்ணோரத்தில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, மறு நுனியை என்னிடம் நீட்டினார். நான் குனிந்து பார்த்தேன். பத்தொன்பது இருந்தது.